பெட்டி பாயின் மார்க்கர்

காரைக்காலில் பெட்டி பாயை நம்பாமல் விமானம் ஏறியவர் கிடையாது. பெட்டி பாய் மட்டும் யாரையும் எதையும் நம்பியது கிடையாது.

வளைகுடாவுக்குச் சபர் என்று பயணம் போகிறவர்களுக்கும் பிரான்ஸ் போகிறவர்களுக்கும் அட்டைப்பெட்டி கட்டித் தருவது அவர் தொழில். ஒருமுறை விழிதியூர்க்காரர் ஒருவரின் கருவாடு துபாய்க்குப் பதிலாகப் பாரிசில் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து பெட்டியின் ஆறு பக்கமும் பெயர் எழுதினார். குடையில், செருப்பில், பல்செட்டு டப்பாவில்கூட எழுதினார்.

எனக்கும் அவருக்கும் பித்தப்பையில் கல். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே நாள், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எட்டரைக்கு நான், பத்தே காலுக்கு அவர். நாலு சின்னத் துளை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, டிவியில் பார்த்தபடியே பையை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். துளை வழியாக முடியாவிட்டால் வயிற்றைக் கிழிப்போம் என்ற தாளிலும் கையெழுத்து வாங்கினார். நான்கு தடவை படித்தேன்.

கேஸ் புத்தகம் எங்கே, மாடிச் சாவி எங்கே என்று டைரியில் மனைவிக்காக மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். நான் கண் விழிக்காமல் போனால் அவள் தேடக் கூடாது.

பாயின் பயம் வேறு. “பெட்டியத் தொறந்து பாத்தாத்தான் தம்பி உள்ள இருக்குறது தெரியும். ஓட்டை வழியாப் பாக்குறப்ப பக்கத்துல இருக்குறத எடுத்துட்டா?”

காலையில் டாக்டர் பாயின் சட்டையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். வலது விலாவுக்குக் கீழே தடித்த மார்க்கரில் ஓர் அம்புக்குறி: ‘பித்தப்பை இங்கே.’ இடது பக்கம்: ‘இதில் கை வைக்க வேண்டாம்.’ தொப்புளுக்கு மேலே பெயர், தெரு.

“முதுகுலயும் இருக்கா பாய்?”

“இருக்கு டாக்டர். மவன எழுதச் சொன்னேன்.”

நர்ஸ் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தார். பாதிதான் போனது. எனக்கும் எழுதித் தருவதாகப் பாய் சொன்னார். நான் ஒன்றும் அட்டைப்பெட்டியில்லை என்று எரிந்து விழுந்தேன். மார்க்கரை மூடிக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் வரும் சத்தம் கேட்டதும் என் வாய் தானாகக் கேட்டது:

“பாய், எந்திரிக்காமப் போயிட்டேன்னா?”

“நான் கட்டுன பெட்டி எதுவும் போய்ச் சேராம இருந்ததில்ல.”

“அந்தக் கருவாடு?”

“அதுவும் சேந்துச்சே. எடந்தான் மாறிப்போச்சு.”

ஊசி போட்டார்கள். அந்தப் பதிலோடுதான் மயங்கினேன்.

விழித்தபோது மணி பத்து நாற்பது. வயிற்றில் நான்கு பிளாஸ்திரி, உள்ளே ஏற்றிய காற்றால் தோளில் வலி, மனைவியின் கையில் என் கற்கள் கிடந்த குட்டி பாட்டில். பக்கத்துக் கட்டில் காலி. பாய் உள்ளே இருந்தார். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அவரைக் கொண்டுவந்து கிடத்தும்வரை வார்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் நர்ஸ் கேட்டார், என் காலில் யார் எழுதியது என்று. மனைவி போனில் படம் எடுத்துக் காட்டினாள். ஊசி மயக்கத்தில் நான் கிடந்தபோது பாய் எழுதியிருக்கிறார், வலது உள்ளங்காலில்: ‘கண்ணாடிச் சாமான். மெதுவாக இறக்கவும்.’

வீட்டுக்கு வந்து பதினோரு நாள் அந்தக் காலுக்கு மட்டும் நான் சோப்பு போடவில்லை.