பிரிண்டர் நாற்காலி விவகாரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேரன் இப்போது எங்களோடு இருப்பதால் அவனைப் பற்றி நான்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்: முன்பல் விழுந்துவிட்டது, வாய் ஓயவில்லை.

இந்தக் கடிதத்தை என் சம்பந்திக்கும், உங்கள் கம்பெனியின் நிர்வாக அதிகாரிக்கும், விசாரணைக் குழுத் தலைவருக்கும் எழுதுகிறேன். மூவரும் நீங்களே என்பதால் ஒரு தபால்தலை போதும்.

வாத்தியாராக இருந்தவனுக்குப் பாடத்தை நடுவிலிருந்து தொடங்கிப் பழக்கமில்லை. ஆகவே தெரிந்ததையும் சொல்கிறேன். உங்கள் கம்பெனி குழாய் செய்கிறது. இன்னும் கடைக்கு வராத புதுக் குழாயின் வரைபடத்தை யாரோ போட்டிக் கம்பெனிக்கு மெயிலில் அனுப்பிவிட்டார்கள். அது போனது என் மகள், அதாவது உங்கள் மருமகள், உட்காரும் கம்ப்யூட்டரிலிருந்து. குழாய்க் கம்பெனியிலேயே கசிவா என்று ஊர் சிரிப்பதற்குள் யாரையாவது பிடித்தாக வேண்டும். கம்ப்யூட்டரில் அவள் பெயர் இருந்தது, பிடித்துவிட்டீர்கள். அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்ததை ஆபீஸ் முழுவதற்கும் மெயிலில் அறிவித்தீர்கள். சரி, கண்டிப்பானவர் என்று விட்டுவிடலாம். அதற்காக வீட்டிலுமா? விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்டவரோடு பேசக் கூடாது என்று விதியாம். சாப்பாட்டு மேசையில் எதிரே இருக்கும் மருமகளிடம் உப்பு கேட்க வேண்டுமென்றால், சம்பந்தியம்மா பக்கம் திரும்பி, "அவங்களை உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்கிறீர்களாம். பொறுத்துப் பார்த்துவிட்டு மகள் பெட்டியையும் பேரனையும் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நானும் நாலு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் படுத்திருப்பேன். "வேலை போனா வேற தேடிக்கலாம்ப்பா. திருடிங்கற பேரோட எங்க போய்த் தேடறது?" என்றாள். இதை விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் உலக உருண்டை உடைந்து கிடக்கிறது. அது எந்த மேசையில் கிடக்கிறதோ அந்தப் பையனை எழுப்பி நிறுத்துவது ரொம்பச் சுலபம். ஆனால் வகுப்புக்கே ஒரு உருண்டைதான், அது அவன் மேசையில்தான் இருக்கும் என்றால், வருகிறவன் போகிறவன் எல்லாம் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தானே போவான்? உங்கள் ஆபீஸில் பிரிண்டரோடு இணைந்த கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. அது என் மகளுடையது. பிரிண்ட் வேண்டியவர் யாரானாலும் அவளை எழுப்பிவிட்டு அங்கேதான் உட்கார்கிறார்கள். அதற்குப் பிரிண்டர் நாற்காலி என்றே பெயராம். அவள் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனால், "ஏம்மா, என்ன உங்க அப்பா வீட்டு பிரிண்டரா?" என்று கேட்பார்களாம். அந்த அப்பா நான்தான். என்னிடம் பிரிண்டர் கிடையாது.

இதை உங்களிடம் நேரில் விளக்கலாம் என்றுதான் செவ்வாய்க்கிழமை ஆபீஸுக்கு வந்தேன். நீங்கள் செய்துவைத்திருக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகளை அன்று கண்ணாரக் கண்டேன். வாசலில் காவலாளி என் குடையை வாங்கி வைத்துக்கொண்டார், டார்ச்சை வாங்கி வைத்துக்கொண்டார், கண்ணாடிக் கூட்டைத் திறந்து மோந்து பார்த்தார். நான் யார் என்று மட்டும் கேட்கவில்லை. உள்ளே, பென் டிரைவ் செருகும் ஓட்டைகளையெல்லாம் பசை ஊற்றி அடைத்திருக்கிறீர்கள். மவுஸும் அதே ஓட்டையில்தான் செருக வேண்டும் என்பது மறுநாள்தான் தெரிந்ததாம். பாஸ்வேர்டை வாரந்தோறும் மாற்ற வேண்டும் என்று உத்தரவு. மறந்துபோகாமல் இருக்க எல்லாரும் அதைச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே உங்கள் சுவரொட்டி, பாஸ்வேர்டு உங்கள் பல்துலக்கும் பிரஷ் போன்றது, பிறருக்குத் தராதீர் என்று.

நீங்கள் மீட்டிங்கில் இருந்ததால், அங்கே ஓரமாக உட்காருங்கள் என்றார்கள். காலியாக இருந்தது ஒரே நாற்காலி. எது என்று சொல்ல வேண்டியதில்லை. உட்கார்ந்து மூச்சு வாங்கக்கூட விடவில்லை சார், கணக்குப் பிரிவு அம்மா ஒருவர் வந்து, தன் பைல் திரையிலேயே இருக்கிறது, ரெண்டு காப்பி எடுத்துக் கொடுங்க என்றார். நான் வெளியாள் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அடுத்தவர் வந்து பேப்பர் கட்டை மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் வினாத்தாள் அச்சடித்த கை, சும்மா இருக்குமா? ஒவ்வொருவருக்கும் பொறுமையாக எடுத்துக் கொடுத்தேன். ஒருவர்கூட நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. போன ஆளைவிடப் புது ஆள் பரவாயில்லை என்று யாரோ சொன்னதுதான் நெஞ்சைக் குத்தியது.

கடைசியாக வந்தது நீங்கள். கண் போனில், கால் மட்டும் நடந்து வந்தது. நான் எழுந்து வணக்கம் சொல்வதற்குள் தோளைத் தட்டி உட்காரவைத்துவிட்டு, "விசாரணை ரிப்போர்ட் என் போல்டர்ல இருக்கு, குழுவுக்கு ஆளுக்கொரு காப்பி எடுத்துடுங்க. ரகசியம், பாத்து" என்றீர்கள். பாஸ்வேர்டு தெரியாதே என்றேன். சத்தமாகவே சொன்னீர்கள். அதை இங்கே எழுதப் போவதில்லை. நம் பேரனை நாம் கூப்பிடும் செல்லப் பெயர் அது. நீங்கள் போனில் பேசிக்கொண்டே போய்விட்டீர்கள்.

ரிப்போர்ட்டை எடுத்தேன். முதல் பக்கத்திலேயே இருந்தது: "மேற்படி இருக்கையை மேற்படி ஊழியரைத் தவிர வேறு எவரும் பயன்படுத்த வாய்ப்பே இல்லை என்று குழு உறுதியாகக் கருதுகிறது." மேற்படி இருக்கையில் உட்கார்ந்துகொண்டு நானே அதை ஆளுக்கொரு காப்பி எடுத்து, பின் அடித்து, உங்கள் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

சம்பந்தி, நான் கேட்பது ஒன்றுதான். அவளைத் திருடி என்று எத்தனை பேருக்கு மெயில் அனுப்பினீர்களோ, அத்தனை பேருக்கும் அவள்மேல் தவறில்லை என்று அனுப்ப வேண்டும். குழுவின் முன் வந்து, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததையும் யார் யாருக்கு என்னென்ன எடுத்துக் கொடுத்தேன் என்பதையும் சொல்லத் தயாராக இருக்கிறேன். கையெழுத்தும் போடுவேன். வாசலிலேயே நிற்க வைத்தாலும் தினம் வருவேன். ரிடையர் ஆனவனுக்கு வேறு வேலை இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள். உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ரத்த அழுத்தத்துக்கு நல்லது.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மகளுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்களாம், ஆளைத்தான் இன்னும் தேடுகிறார்களாம். அவள்மேல் தவறில்லை என்று எல்லாருக்கும் மெயில் போய்விட்டதாம், திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். கூடவே ஒரு படம். புதிதாக மாட்டிய காமிராவில் விழுந்ததாம்: பிரிண்டர் நாற்காலியில் ஒரு பெரியவர், முதுகும் வழுக்கையும் மட்டும் தெரிகின்றன, ரகசிய ரிப்போர்ட்டைப் பதற்றமே இல்லாமல் அச்சிட்டுப் பின் அடிக்கிறார். "தேர்ந்த திருடன்" என்று கீழே குறித்திருக்கிறீர்கள். திருட்டு நடந்த பிறகு மாட்டிய காமிராவில் திருடன் எப்படி விழுந்தான் என்று உங்கள் குழு கேட்கவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. ஆகவே மேலே உள்ளதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். உங்கள் ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. நாளைக்குக் குழு மனம் மாறி மறுபடி அவள் பக்கம் விரல் நீட்டினால், அன்றைக்கு அந்த முதுகு என்னுடையதுதான் என்று நானே வந்து திரும்பி நின்று காட்டுவேன். அதுவரை தேடிக்கொண்டிருங்கள். ஒன்று மட்டும்: படத்தைச் சம்பந்தியம்மாவிடம் காட்டிவிடாதீர்கள். அந்தக் கட்டம் போட்ட சட்டையை எனக்கு எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.