பன்னிரண்டு மணிக்கு வைத்த வீடு

எட்டாம் வகுப்போடு நின்றவன் எதையாவது கற்றுக்கொண்டால் அதை நாலு பேருக்குக் காட்டாமல் இருக்கமாட்டான். நான் அப்படித்தான். திருப்பூர், சூரத் என்று அலைந்து, ராஜஸ்தானில் சோலார் தகடு மாட்டும் வேலையில் அந்தத் தகடுகளின் நிழலிலேயே இரண்டு வருஷம் படுத்து எழுந்து, கடலூரில் அக்கா வீட்டுக்கு வந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது.

வந்த வேகத்தில் மொட்டைமாடியில் தகடு, மாடிப்படிக்குக் கீழே பேட்டரி. மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் மூன்றும் போனில் வைத்த நேரத்துக்குத் தானாக ஓடும். உச்சி வெயில் பன்னிரண்டுக்கு. மூன்றுக்கும் பன்னிரண்டே வைத்தேன். (மூன்று நேரம் யோசிக்கிற அளவுக்கு யார் படித்தது?)

நான் மறுபடி பையைத் தூக்குவதற்குள் எனக்குக் கல்யாணம் முடிக்க வேண்டும், அக்காவுக்கு அது ஒன்றுதான் கவலை. சிதம்பரத்தில் கலா என்று ஒரு பெண்ணைப் போய்ப் பார்த்தோம். "ஒரு ஊர்ல நிலையா இருக்கமாட்டாராமே" என்று அவள் தயங்கினாள். இருந்தாலும் அவள் அப்பாவும் அத்தையும் ஒரு வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வந்தார்கள்.

பத்தே முக்காலுக்கே கார் வந்துவிட்டது. யாரும் இறங்கவில்லை.

"ராகுகாலம் முடியட்டும்மா," என்றார் கலாவின் அப்பா, காருக்குள்ளிருந்தே. முடிவது பன்னிரண்டுக்கு. அக்கா காருக்கே மோர் கொண்டுபோனாள். வீடே வெயிலில் ஓடுவதைக் காட்டும் ஆசையில் நான் கரண்ட் மெயினை அணைத்தேன்.

"வந்தவங்க முன்னாடி போன நோண்டாத," என்று அக்கா போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டு, புடவை மாற்றப் போனாள்.

பன்னிரண்டு. அப்பா வாசற்படியில் வலதுகாலை வைத்தார்.

மோட்டார் ஓடியது. காலையிலேயே நிரம்பியிருந்த தொட்டி வழிந்து, வாசலுக்கு மேலிருந்த குழாய் வழியாக நேராக அவர் தலையில் கொட்டியது. வாஷிங் மெஷின் உறுமியது. இடமில்லாமல் கிரைண்டர் மேல் வைத்திருந்த வெற்றிலைத் தட்டு ஊர்வலம் கிளம்பியது.

"பீரோ சாவி எங்கக்கா?"

"பழைய புடவ முந்தானையில முடிஞ்சிருந்தேன்டா."

"புடவ எங்க?"

அக்கா வாஷிங் மெஷினைப் பார்த்தாள்.

இன்வெர்ட்டர் ஒரு நிமிஷம் தாங்கியது. பிறகு கத்திவிட்டு நின்றது. ஃபேனும் நின்றது. அந்த அமைதியில் அவர் சட்டையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும்.

"நல்லவேளை, ராகுகாலம் முடிஞ்சி வந்தோம்," என்றாள் அத்தை.

அவர்கள் போனதும் நான் சட்டைகளைப் பையில் அடுக்கினேன். அக்கா தடுக்கவில்லை. ஈரச் சாவியால் பீரோவைத் திறந்து போனைக் கையில் கொடுத்தாள். சாயங்காலம் அது அடித்தது. கலா.

"அப்பா வந்ததுலேருந்து சிரிச்சிக்கிட்டே இருக்காரு. அம்மா போனப்பறம் அவரு சிரிச்சி இன்னிக்குத்தான் பாக்குறேன். ஒண்ணு கேக்கணும். மூணையும் ஏன் ஒரே நேரத்துல வச்சீங்க?"

"வெயில் அப்பதாங்க ஜாஸ்தி."

"அப்ப பேட்டரி எதுக்கு? எடுத்து வச்சிக்கத்தான? ஒண்ணு முடிஞ்சி ஒண்ணா வைங்க. அவசரமில்ல."

பையிலிருந்து சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன்.

இப்போது நேரமெல்லாம் கலாவின் போனில். மோட்டார் ஒன்பதுக்கு, மெஷின் பதினொன்றுக்கு, கிரைண்டர் இரண்டுக்கு. ஏழு வருஷமாக நான் எந்த ஊருக்கும் கிளம்பவில்லை. மாமனார் மட்டும் எங்கள் வீட்டுக்கு வரும்போது ராகுகாலம் பார்ப்பதை விட்டுவிட்டார். கேட்டருகே நின்று குடையை விரித்துக்கொண்டுதான் படியேறுகிறார்.