கூடை வரியை ஒழித்தவர்

சீர்திருத்தத் தலைவர் என்று ஓர் இனம் உண்டு. கரிசல் காட்டில் மழை தவறலாம். இவர்கள் விளைச்சல் தவறுவதே இல்லை. கோவில்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் ஒருவர் எதிரே வருவார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, வாயில் ஸ்பெயின் நாடு.

ஸ்பெயின் எதற்கு என்கிறீர்களா? ஊருக்குள் வருகிற சாப்பாட்டுச் சாமானுக்கு இருந்த வரியை நூறு வருஷத்துக்கு முன்பே அங்கே சில தாராளவாதிகள் எடுத்தார்களாம். எங்கள் சங்கரபாண்டியன் அண்ணாச்சி அதை எங்கேயோ படித்துவிட்டார். அன்றிலிருந்து காதுகுத்து, கடைதிறப்பு, சாவு விழுந்த துஷ்டி வீடு என்று போகிற இடமெல்லாம், மைக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "ஏழை திங்கிற சோத்துக்கு வரியா? ஸ்பெயினைப் பாரு!" என்பார். கோயில் முதல்மரியாதை ஒழியவேண்டும் என்று காலையில் முழங்குவார். சாயங்காலம் பரிவட்டம் வந்தால் தலையைக் குனிந்து கொடுப்பார். அம்பாளுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

இப்படிப் பேசியே ஊர்த் தலைவரும் ஆகிவிட்டார். நாகலாபுரத்திலிருந்து கொத்தவரை என்கிற சீனி அவரைக்காயும் மல்லித்தழையும் கொண்டுவந்து விற்கிற வெயிலம்மாள் அந்தப் பேச்சை நம்பி, சந்தை வாசலில் அவரை மறித்தாள்.

"அண்ணாச்சி, உள்ள போவணும்னா கூடைக்குக் கூடை வரி கேக்காவ. குடுத்தா எனக்கு என்ன மிஞ்சும்? வெளிய இருந்தா தழை வாடிப் போவுது."

"ஒழிச்சுருதேன் தாயி! இந்த வாரமே ஒழிச்சுருதேன்."

ஒழித்தார் ஐயா, ஒழித்தார்! மாலை, மேளம், சொற்பொழிவு. 'கூடை வரி' என்ற பலகையைத் தம் கையாலேயே கழற்றினார். 'சமூகநீதிப் பங்களிப்பு' என்று புதுப் பலகை மாட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். வெயிலம்மாளும்தான்.

கூடையோடு உள்ளே நுழைந்தாள். சந்தை வசூலைக் குத்தகைக்கு எடுத்தவரின் ஆள் கையை நீட்டினான்.

"வரியத்தான் எடுத்தாச்சுல்லா?"

"வரியை எடுத்தாச்சு. இது பங்களிப்பு. எடு."

அவள் தலைவரைப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி இது?"

"வரின்னா கட்டாயம் தாயி. பங்களிப்புன்னா உனக்குப் பெருமை."

"பெருமை வேண்டாம்னா உள்ள விடுவாவளா?"

அண்ணாச்சி செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை.

இப்போதும் வெயிலம்மாள் வெளியேதான், சாக்கடை ஓரத்தில், உச்சி வெயிலில். தழைமேல் ஈரச்சாக்கு போட்டிருக்கிறாள். அது நனைந்த வேகத்தில் காய்கிறது. இந்த அநியாயத்தைப் படித்து உங்களுக்கு நெஞ்சு கொதிக்கிறது, இல்லையா? நல்ல மனசு. அதே மனசோடு, போன வாரம் அவளிடம் கால் கிலோ சீனி அவரைக்காய் வாங்கிவிட்டு, "வாடுன தழைதானம்மா, சும்மா ரெண்டு கட்டு போடு" என்று பையை விரித்தீர்களே, அது எந்தப் பங்களிப்பு?