இரண்டு அரியரும் ஒரு மயக்கமும்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். வெளிநாட்டு யுனிவர்சிட்டி ஒண்ணுக்கு மெயில் போட்டு, எம்.ஏ. சேர என்ன தகுதி வேணும்னு கேக்கணும்.

கஷ்டமான வேலை இல்ல. அதுவும் எனக்கு. ஏன்னா நான் விழுப்புரத்துல ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்ல பாடம் எடுக்கிறவ. வாசல் போர்டுல என் போட்டோ போட்டு, கீழ "தயக்கமின்றிப் பேசலாம்"னு எழுதியிருக்கும். தயக்கம் எனக்கு எப்பவுமே இருந்ததில்ல. பிரச்சினையே அதுதான்.

சேர நெனச்ச படிப்பும் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிறது பத்திதான். ரொம்ப நாள் ஆசை. நடுவுல ஒரே ஒரு முட்டுக்கட்டை, வெளிநாட்டுல படிக்கப் போறவங்களுக்கு வைக்கிற இங்கிலீஷ் டெஸ்ட். சென்னைக்குப் போய் எழுதணும். ஃபீஸைக் கேட்டா என் சம்பளம் தலையைத் தொங்கப் போட்டுக்கும். அதனால மெயில்ல முக்கியமான கேள்வியே இதுதான்: "நானே இங்கிலீஷ் டீச்சர். எனக்கு டெஸ்ட்ல இருந்து விலக்கு கிடைக்குமா?"

அதுக்கு மேல என்னைப் பத்தி ஒரு அறிமுகம். "ஐ பாஸ்டு அவுட் ஃப்ரம் காலேஜ் த்ரீ இயர்ஸ் பேக், வித் டூ அரியர்ஸ். போத் கிளியர்டு." அரியரை மறைச்சிருக்கலாம். நேர்மைன்னு ஒண்ணு இருக்கே. அனுப்பறதுக்கு முன்னாடி வாய்விட்டு ஒரு தடவை படிச்சுப் பார்த்தேன். எனக்கே என் மேல மரியாதை வந்துடுச்சு.

மறுநாள் காலையில சென்டருக்குப் போக எங்க ஊர் திண்டிவனத்துல பஸ் ஏறி, விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டறப்ப பதில் வந்துச்சு. அட்மிஷன் ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா எழுதியிருந்தாங்க.

"கல்லூரியில் உங்களுக்கு நேர்ந்ததை அறிந்து மிகவும் வருந்துகிறோம். இப்போது நலமாக இருக்கிறீர்களா?"

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ரெண்டு அரியருக்கு இவ்ளோ வருத்தமா? ரிசல்ட் வந்த அன்னிக்கு எங்க வீட்டுல எனக்குச் சோறு போடலாமா வேணாமான்னு யோசிச்சாங்க.

பஸ்லயே பதில் தட்டினேன். "உங்க அக்கறைக்கு நன்றி. ரெண்டே தடவைதான் நடந்துச்சு. எங்க கிளாஸ்ல பாதி பேருக்கு நடந்துச்சு. எல்லாத்துக்கும் ஒரே சார்தான் காரணம். எங்க பக்கம் இதெல்லாம் சகஜம்."

அன்னிக்கு சாயந்திரமே அடுத்த மெயில். அந்த அம்மா பதறிப் போயிருந்தாங்க. "பாதி வகுப்புக்குமா? அந்த ஆசிரியர் இன்னும் அங்கே பணிபுரிகிறாரா?"

"இருக்கார். இப்ப ஹெச்.ஓ.டி. ஆயிட்டார்"னு எழுதினேன்.

மூணாவது மெயில் கொஞ்சம் கண்டிப்பா இருந்துச்சு. எனக்கு வேண்டிய உதவியை முன்கூட்டியே ஏற்பாடு பண்ணணுமாம். அதுக்கு ஒரு டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கி அனுப்பணுமாம். மத்த கேள்விக்கெல்லாம் பதில் அதுக்கப்புறம்தானாம். அப்ளிகேஷன் போட கடைசி தேதி வேற நெருங்கிட்டிருந்துச்சு.

கிளாஸ்ல இதைப் பெருமையா சொன்னேன். "பாருங்க, அட்மிஷனுக்கு முன்னாடியே உடம்பைப் பத்தி விசாரிக்கிறாங்க. அதான் அந்த நாடெல்லாம் முன்னேறுது." பசங்க தலையாட்டினாங்க. ஒருத்தி அதை எழுதி வேற வெச்சிக்கிட்டா.

சனிக்கிழமை திண்டிவனத்துலயே ஒரு டாக்டர்கிட்ட போனேன். அம்மாவும் முட்டி வலிக்கு மாத்திரை வாங்கணும்னு கூட வந்தாங்க. அவங்க வராம இருந்திருந்தா இந்தக் கதை அங்கயே முடிஞ்சிருக்கும்.

"ஃபிட்னஸ் சர்டிபிகேட் வேணும் சார்."

"எதுக்கும்மா? என்ன கேட்டிருக்காங்க, காட்டு."

ஃபோனை வாங்கி எல்லா மெயிலையும் நிதானமா படிச்சார். கண்ணாடியைக் கழட்டினார்.

"காலேஜ்ல எப்பம்மா மயக்கம் போட்டு விழுந்தே?"

"நானா? இல்லியே சார்."

"நீதானே எழுதியிருக்கே, பாஸ்டு அவுட்டுன்னு. படிச்சு முடிச்சதை நம்ம ஊர்லதான் அப்படிச் சொல்றோம். அவங்களுக்கு பாஸ்டு அவுட்டுன்னா மயங்கி விழறது. ரெண்டு தடவை விழுந்தேன், கூடவே பாதி கிளாஸ் விழுந்துச்சு, ஒரு வாத்தியார்தான் காரணம்னு எழுதியிருக்கே. அவரை ஹெச்.ஓ.டி. ஆக்கிட்டாங்கன்னு வேற சொல்லியிருக்கே."

"அப்ப அரியர் சார்?"

"அது கடன் பாக்கி. அதை அடைச்சுட்டதுக்குக் கடைசி வரியில பாராட்டியிருக்காங்க பாரு."

டாக்டர் சிரிச்ச சத்தத்துல வெளிய உட்கார்ந்திருந்தவங்க எட்டிப் பார்த்தாங்க. எனக்கு விழுப்புரத்து போர்டு ஞாபகம் வந்துச்சு. அதுல இருக்கிற என் போட்டோ மட்டும் யாராவது கிழிச்சுட்டா தேவலைன்னு இருந்துச்சு.

அம்மா சிரிக்கல. அவங்க காதுல விழுந்தது ஒரே வார்த்தைதான்.

"மயக்கமா? இன்னாடி சொல்றாரு டாக்டரு? காலேஜ்ல வுழுந்தியா? ஏங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவேல்லியே."

"விழலம்மா. இங்கிலீஷ்ல தப்பா எழுதிட்டேன்."

"நீயா? இங்கிலீஷ்லயா?"

அம்மாவால அதை மட்டும் நம்பவே முடியல. எம் பொண்ணு இங்கிலீஷ் டீச்சர்னு பக்கத்து ஊர் பிரம்மதேசம் வரைக்கும் சொல்லி வெச்சிருக்கிறவங்க. பொண்ணு இங்கிலீஷ்ல தப்பு பண்ணுவாங்கிறதை விட, மயங்கி விழுந்ததை மறைக்கிறாங்கிறதுதான் அவங்களுக்கு நம்பற மாதிரி இருந்துச்சு.

"வர்ற அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போறோம். நீ வாயைத் தொறக்கக் கூடாது"ன்னுட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் அட்மிஷன் அம்மாவுக்கு எல்லாத்தையும் விளக்கி, மன்னிப்புக் கேட்டு நீளமா ஒரு மெயில் போட்டேன். எங்க ஹெச்.ஓ.டி. யாரையும் மயக்கலன்னு அதுல தனியா ஒரு பாரா. விலக்கு கேட்டதையும் கடைசியில ஞாபகப்படுத்தினேன். ஆசை யாரை விட்டுச்சு.

அமாவாசை அன்னிக்கு மேல்மலையனூர்ல நிக்க இடமில்ல. வரிசையில பக்கத்துல நின்ன ஒரு அம்மா, "பொண்ணுக்கு இன்னாங்க?"ன்னு விசாரிச்சாங்க.

"காலேஜ்ல பாஸ்டு அவுட்டுங்க"ன்னாங்க எங்கம்மா, டாக்டர்கிட்ட கத்துக்கிட்டதை அப்படியே.

அந்த அம்மா பெருமூச்சு விட்டாங்க. "எம் பையனும் காலேஜ் பாஸ்டு அவுட்டுதாங்க. ரெண்டு வருசமா வூட்லயேதான் படுத்துக்கினு கெடக்குறான்."

"அய்யோ பாவமே. அவனையும் கூட்டிக்கினு வந்திருக்கலாம்ல?"

"கூப்ட்டா எங்கங்க வர்றான், ஒரே பேஜாரு."

ரெண்டு பேரும் வேற வேற விஷயம் பேசறாங்கன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு. நான் தொறக்கல.

நெத்தி நிறைய குங்குமத்தோட வீட்டுக்கு வந்து ஃபோனைத் தொறந்தா, பதில் வந்திருந்துச்சு. "உங்கள் விளக்கத்தை அலுவலகத்தில் எல்லோரும் ரசித்துப் படித்தோம். உங்கள் பட்டம் போதுமானது. அரியரும் தடையில்லை. ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு கேட்டிருந்தீர்கள். இதுவரை நீங்கள் எழுதிய எல்லா மெயில்களையும் பரிசீலித்தோம். தேர்வு அவசியம்."

அப்படியே சேர்ல சாஞ்சு கண்ணை மூடிட்டேன். கீழ உட்கார்ந்து மல்லாட்டையை உரிச்சுக் கடலையைத் தட்டுல போட்டுட்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாங்க.

"இன்னாடி, மறுபடியும் பாஸ்டு அவுட்டா?"

எங்க வீட்டுல அந்த வார்த்தையைச் சரியா பேசற ஒரே ஆள் அம்மாதான்.