ஒரே படம், இரண்டு பெயர்

"என்னங்க, அம்மா ஆல்பத்துல தம்பி இன்னும் கண்ணை மூடிட்டுத்தான் இருக்கான்" என்றாள் மனைவி, கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஆபீஸில் சர்வர்களைக் கட்டி மேய்க்கும் அவருக்கு நம்ப முடியவில்லை. என்றோ அவர் எடுத்த குடும்பப் படத்தில் மைத்துனன் கண்ணை மூடியிருந்தான். அவன் காதலிக்கும் பெண்ணின் பெற்றோர் இன்று நாலு மணிக்கு மாமியார் வீட்டுக்கு வருகிறார்கள். அங்கே கூடத்துத் திரையில் ஓடும் ஆல்பத்தில் முதலில் வருவதே அந்தப் படம்தான். அதனால் மனைவியின் ஆல்பத்தில் அவன் கண்ணைத் திறந்துவைத்தார். மாமியார் ஆல்பத்தில் இருப்பதும் அதே கோப்புதான், பெயர் மட்டும் வேறு. வீட்டில் அப்பா, ஆபீஸில் சார் என்றாலும் ஆள் ஒருவர்தானே? ஒன்றைத் திருத்தினால் மற்றதும் திருந்த வேண்டும்.

ஒவ்வொரு கோப்புக்கும் சர்வர் தரும் உள் எண்ணைப் பார்த்தார். ஒன்றாக இருக்க வேண்டியது இரண்டாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது. எல்லார் ஆல்பமும் இருக்கும் வீட்டு சர்வரை அடுக்கு முறையில் அமைத்தவரே அவர்தான். அடித்தளத்தில் மூலப் படங்கள். அங்கே யாரும் கைவைக்க முடியாது. திருத்தினால் அந்தப் பெயர் மட்டும் நகலாகி, புது எண்ணோடு மேல்தளத்துக்கு ஏறிவிடும். மனைவியின் படம் மேலே போய்விட்டது. மாமியாரின் படம் கீழேயே கண்ணை மூடிக் கிடந்தது.

அதையும் தனியாகத் திருத்தினார். அவசரத்தில் ஒரு கண்தான் திறந்தது.

"இப்ப கண்ணடிக்கிறான்" என்றாள் மனைவி. "வரப்போற மாமியாரைப் பார்த்து."

இரண்டையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று அழித்தார். அடுக்கு முறையில் அழித்தாலும் கீழே படம் பத்திரமாகத்தான் இருக்கும். மேலே 'இல்லை' என்றொரு சீட்டு அதை மறைத்துக்கொள்ளும். முதல் படமே காணாமல் போனதில் மாமியார் வீட்டுத் திரை இருண்டுபோனது. ரிப்பேருக்கு ஆள் தேடுவதாக அங்கிருந்து செய்தி வந்தது. மணி மூன்றே முக்கால்.

அந்தச் சீட்டுகளை மட்டும் தேடி எடுக்க நேரமில்லை. மிச்சம் ஒரே வழி. மேல்தளம் முழுவதையும் துடைத்தால் மூலப் படங்கள் அப்படியே வெளியே தெரியும். ஆனால், இத்தனை வருடமாக மாமியார் ஆல்பத்தின் மற்றப் படங்களில் செய்த திருத்தங்கள் அத்தனையும் போய்விடும். வழுக்கைத் தலையை ஒருமுறை தடவிக்கொண்டார். துடைத்தார்.

ஆறு மணிக்கு மாமியார் அழைத்தார். வந்தவர்களுக்குப் பையனைப் பிடித்துவிட்டதாம். தூங்குமூஞ்சியானாலும் சாந்தமான முகம் என்றார்களாம். உட்கார்ந்து ஆல்பம் முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் போனார்களாம். மனைவி சிரித்தபடி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாப்பிள்ளை, இப்பத்தான் எனக்கு நிம்மதி. என் பொண்ணு பக்கத்துல நிக்கிற அந்தச் சுருட்டை முடிக்காரர் யாருன்னு வர்றவங்க எல்லாம் கேக்க, இத்தனை வருஷமா பதில் சொல்லத் தெரியாம முழிச்சிட்டிருந்தேன்."