சாம்பாருக்கு முன்னால் வந்த மோர்

மென்பொருள் வடிவமைக்கிறவர்களைக் கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டுப் பக்கம் விடவே கூடாது. வாசலோடு வரவேற்று, சந்தனத்தைக் கொடுத்து, ஓரமாக உட்கார வைத்துவிட வேண்டும். என் தங்கை கயலின் கல்யாணத்தில் அப்படி யாரும் செய்யவில்லை. நான் உள்ளே போய்விட்டேன்.

அப்போது பெங்களூரில் எனக்குப் புதிதாக 'ஆர்க்கிடெக்ட்' பதவி கிடைத்திருந்தது. (வீடு கட்டுகிறவன் இல்லை. இதை ஊரில் விளக்கியே பாதி ஆயுள் போய்விட்டது.) ஒரே பெரிய புரோகிராமாக இருப்பதைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனி கம்ப்யூட்டரில் தன்போக்கில் ஓட விடுவது என் வேலை. ஒன்று படுத்தாலும் மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஞானம் தலைக்கேறிய புதிது என்பதால் எதைப் பார்த்தாலும் துண்டாக்கத் தோன்றியது.

கண்ணில் பட்டவர் மணி சித்தப்பா. திருவையாற்றைச் சுற்றி எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் பந்தி அவர் பொறுப்புதான். கூடத்தின் நடுவில் நின்று "சாம்பாஆஆர்!" என்று அவர் குரல் கொடுத்தால்தான் சாம்பார் வாளி நகரும். "ரசம்!" என்றால்தான் ரசம். நிச்சயதார்த்தத்தன்று பாதிப் பந்தியில் அவருக்குப் போன் வந்துவிட்டது. யாரோ உரம் விற்கிறவர். சித்தப்பா பேசி முடிக்கும்வரை மொத்தக் கூட்டமும் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"சித்தப்பாதான்ப்பா சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்" என்று அப்பாவிடம் சொன்னேன். "அவரு ஒருத்தர் நின்னா எல்லாமே நின்னுடுது."

அப்பா அந்த இங்கிலீஷுக்கு மயங்கினார். கயல் மயங்கவில்லை. "அண்ணே, என் மாமியார் வீட்டுப் பந்தியில ஒன் ஆபீஸ் வித்தையெல்லாம் காட்டாத. அந்த வீட்டுல நான்தான் போயி வாழணும்."

"நீ மணமேடைய பாரு, நான் பந்தியப் பாத்துக்கறேன்" என்றேன்.

கும்பகோணம் மண்டபத்தில் சித்தப்பா கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்து வாசலில் நிறுத்தினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், செம்பை வாங்கிக்கொண்டார். பிறகு பரிமாறுகிறவர்களைக் கூட்டி வைத்து என் சட்டத்தைச் சொன்னேன். "யாரும் யாருக்காகவும் காத்திருக்காதீங்க. ஒங்க வாளி ரெடியா, கெளம்புங்க. எல காலியா இருந்தா, போட்டமா இல்லியான்னு யோசிக்காதீங்க, மறுபடி போடுங்க. ரெண்டு வாட்டி போனா தப்பில்ல, போகாம இருந்தாத்தான் தப்பு." (எங்கள் தொழிலில் இதற்கெல்லாம் கம்பீரமான பெயர்கள் உண்டு. பந்தியில் வேறு பெயர்.)

தாலி கட்டி முடிந்தது. முதல் பந்தி சம்பந்தி வீட்டாருக்கு. நடு இலையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் கலியபெருமாள். மன்னார்குடிப் பக்கத்துப் பெரிய கை. கயல் வாழப் போகிற வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் முகம் கோணினால் என் தங்கைக்கு அங்கே முதல் நாளே கெட்ட நாள்தான்.

சோறு விழுந்தது. சாம்பார் இன்னும் அண்டாவிலிருந்து வாளிக்கு மாறிக்கொண்டிருந்தது. ஆனால் மோருக்கு என்ன வேலை? உப்பும் பெருங்காயமும் போட்டுக் கலக்கினால் முடிந்தது. மோர்க்காரர் என் சட்டத்தை அட்சரம் பிசகாமல் மதித்தவர். விறுவிறுவென்று வந்து கலியபெருமாளின் வெறும் சோற்றில் மோரை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

நம் பந்தியில் மோர் ஊற்றினால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். அடுத்தது கை கழுவுவதுதான். இது கைக்குழந்தைக்கும் தெரியும். அன்று எனக்கு மட்டும் தெரியவில்லை.

கலியபெருமாள் இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்ன தம்பி இது? உக்காந்தவொடனே மோரு ஊத்தறீங்க. எழுந்திரிச்சுப் போங்கன்னு வாயத் தொறந்து சொல்லிட வேண்டியதுதானே?"

"இல்லைங்க மாமா, கொஞ்ச நேரத்துல எல்லாமே வந்து சேந்துடும். கடைசியா பாத்தா எல்லா எலையிலயும் எல்லாமே இருக்கும்" என்றேன். கம்ப்யூட்டர்களுக்கு இந்த ஆறுதல் போதும்.

அவர் எழுந்தார். பெரியவர் எழுந்தால் வரிசையே எழ வேண்டும். எல்லோரும் பாதி எழுந்துவிட்டார்கள். கூடத்து வாசலில் மாலையோடு கயல் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்தபோது எனக்கு உயிரே போய்விட்டது.

ஒரே ஒருவர் மட்டும் எழவில்லை. மாப்பிள்ளையின் அப்பா. சர்க்கரை நோயாளி. வீட்டில் மனைவியின் கண்காணிப்பில் இனிப்பை மோந்துகூடப் பார்க்க முடியாதவர். இலை காலியானால் மறுபடி போடு என்ற என் கட்டளைப்படி, பாயசக்காரர் அவருக்கு ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். மனுஷரும் காலி செய்துகொண்டே இருந்திருக்கிறார்.

"மச்சான், சித்த உக்காருங்களேன்" என்று அவர் கிசுகிசுத்தார். "நீங்க எழுந்திரிச்சா நானும் எழுந்திரிக்கணும். பாயசம் இப்பத்தான் திரும்பி வருது."

கலியபெருமாள் அந்த இலையைக் குனிந்து பார்த்தார். "அடப்பாவி மச்சான்! அக்கா பாத்துச்சுன்னா?"

"அதான் சொல்றேன், நின்னு காட்டிக் குடுக்காதீங்க."

கலியபெருமாளின் மீசை துடித்தது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு. உட்கார்ந்துவிட்டார்.

நான் வாசலுக்கு ஓடினேன். "சித்தப்பா, வாங்க, மானம் போவுது!" அவர் பன்னீர்ச் செம்பை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார். "யாருய்யா அது மோரு? உள்ள கொண்டு போ!" மோர் வாளி பின்வாங்கியது. "புது எல போடு! சாம்பாஆஆர்!" வாளிகள் வரிசைக்கு வந்தன.

ரசம் வர வேண்டிய நேரத்தில் அவருக்குப் போன் வந்தது. பேசி முடிக்கும்வரை மொத்தப் பந்தியும் ரசத்துக்குக் காத்திருந்தது. இதைத்தானே நான் சொன்னேன் என்று யாரிடம் சொல்ல? வாசலில் வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் கயல் மகனுக்குக் காதுகுத்து. பொறுப்புகளைக் கலியபெருமாள்தான் பிரித்துக் கொடுத்தார். எனக்குக் கை கழுவும் இடம். "அங்கதான் தம்பி, யாரு மொதல்ல வந்தாலும் வம்பில்ல" என்றார். கூடமே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவள் கயல்.

போய் நின்றேன். வரிசையாகக் குழாய்கள் இருந்தன. எல்லோரும் முதல் குழாயிலேயே முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள், மற்றவை சும்மா கிடந்தன. கூட்டத்தைப் பிரித்துவிடலாமே என்று வாய் துறுதுறுத்தது. திரும்பிப் பார்த்தேன். கயல் இடுப்பில் கைவைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமல் துண்டை எடுத்து நீட்டினேன்.