மேனேஜர் கையில் என் இதயம்

இனிமேல் என் இதயம் எனக்கு மட்டுமே சொந்தம் என்று ஒரு திங்கட்கிழமை காலை முடிவெடுத்தேன். பல் தேய்க்கும்போது எடுத்த முடிவு என்பதால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. வாய் காலியாக இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். மனைவி அடுத்த அறையில்தான் இருந்தாள்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பயந்தே பிழைப்பு நடத்துகிறவன் என்றும் சொல்லலாம். ஓட்டத் தெரியாதவர்கள் ஓட்டும் காரில் நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். என் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து வலது கால் ஷூ மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

போன மாதம் டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு "ம்" என்றார். அந்த "ம்" எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. மனைவி கேட்டாள். இனிப்பு கூடாது, வெண்ணெய் கூடாது, இதயத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும் என்றார். உடனே மச்சான் ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பிவிட்டான். அது நேரமும் காட்டும். ஆனால் அதன் முக்கிய வேலை, என் துடிப்பை என் மனைவியின் போனுக்கு அனுப்புவது. நான் எங்கே எப்படித் துடித்தாலும் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்த்துவிடுவாள்.

"சனிக்கிழமை காலையில எதுக்கு அப்படிப் பயந்தீங்க?"

"ஒருத்தர் லாரிய இடிக்கப் பாத்தார்."

"சரி. மதியம்?"

"மதியம் பயமே இல்லையே."

"அதான் கேக்கறேன். மதியம் ஒரு குதி குதிக்குது. பயந்து குதிக்கற மாதிரி இல்ல. சந்தோஷமா குதிக்குது."

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவள் இப்படிக் கேட்டதும் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். எங்கள் பயிற்சிப் பள்ளிக்கு எதிரே ஒரு பேக்கரி. அங்கே மதியம் எனக்கொரு க்ரீம் பன். இந்த உலகத்தில் எனக்கென்று மிச்சமிருக்கும் சுகம் அது ஒன்றுதான். அதையும் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒருவன் போட்டுக்கொடுக்கிறான்.

கழற்றி வைத்துவிடலாம் என்றால், கையை விட்டுப் பிரிந்து ஒரு நிமிஷம் ஆனாலே கடிகாரம் அவளுக்குத் தகவல் சொல்லிவிடும். ஆகவே வேறொரு கை வேண்டும். மாணவர்களின் கை உதவாது, அவர்கள் என்னைவிடப் பயந்தவர்கள். அப்போதுதான் எங்கள் மேனேஜர் நினைவுக்கு வந்தார். சாப்பிட்டதும் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். பக்கத்தில் இடி விழுந்தாலும் வேறு யாருக்கோ விழுந்தது என்று இருந்துவிடுவார்.

அந்தத் திங்கட்கிழமை மதியமே கடிகாரத்தை அவிழ்த்து அவர் கையில் கட்டினேன். குறட்டை கொஞ்சம் இறங்கியது. என் உயிரும் இறங்கியது. பிறகு குறட்டை பழையபடி ஏறியது. நான் ரோட்டைத் தாண்டினேன்.

பாதி பன்கூட உள்ளே போகவில்லை. பேக்கரி வாசலில் என் திங்கட்கிழமை மாணவி, பேங்க் அம்மா, வந்து நின்றார். பேங்கில் பெரிய வேலை, ஆனால் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் அவருக்கு இன்னும் ஒன்றுதான்.

"சீக்கிரமே வந்துட்டேன் சார். வண்டிய ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கேன். இன்னிக்கு ரவுண்டானா போலாமா?"

ஸ்டார்ட் செய்த வண்டி தனியாக நிற்கிறது என்றதும் மீதிப் பன்னை வாயில் திணித்துக்கொண்டு ஓடினேன். கடிகார ஞாபகமே வரவில்லை. ரவுண்டானாவுக்குள் நன்றாகத்தான் நுழைந்தோம். வெளியேதான் வர முடியவில்லை. ஒரு பஸ்ஸின் முகம் ஜன்னலை நிறைத்தது. இரண்டு காலாலும் என் பிரேக்கை மிதித்தேன். கடிகாரம் மேனேஜர் கையில் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது, அந்த நிலையிலும் ஒரு ஆறுதல். இத்தனை துடிப்பும் எனக்கே எனக்கு.

திரும்பி வந்தபோது பள்ளி வாசலில் மனைவி நின்றாள். ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் என் செருப்பு. ஓடி வந்து என் கன்னத்தைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. எனக்காக நான் மட்டும்தான் பயப்படுகிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

"போன் ஏன் எடுக்கல?"

"வண்டியில இருந்தேன்."

"ஓட்டினது யாரு?"

"பேங்க் அம்மா."

"திங்கக்கிழமை அவங்கதான்னு எனக்குத் தெரியாதா? அவங்க ஓட்டறப்போ இன்னிக்கு உங்க இதயம் தாலாட்டு கேட்ட மாதிரி அடிக்குது. ஒண்ணு, நீங்க வண்டியில இல்ல. இல்லன்னா, உங்க உயிர் போய்க்கிட்டிருக்கு. நான் ரெண்டாவதத்தான் நினைச்சேன்."

அவள் பார்வை என் மீசையில் வந்து நின்றது. விரலால் துடைத்தாள். முகர்ந்து பார்த்தாள். என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள், நேரே உள்ளே போனாள். மேனேஜர் கையிலிருந்து என் கடிகாரத்தை அவிழ்த்தாள். இடிக்கும் எழாதவர் அதற்கு எழுந்துவிட்டார்.

"வாங்க மேடம். அட்மிஷனா?"

அவள் என்னைப் பார்த்தாள். "ஆமா. மதியம் எந்த நேரம் காலியா இருக்கு?"

"சார் எதிர்ல பன் சாப்பிடற நேரம் தினமும் காலிதான் மேடம்."

மறுநாள் மதியம் கடிகாரம் என் கையில். டிரைவர் சீட்டில் மனைவி. எதிரே பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக பன்கள். அவள் வண்டிக் கண்ணாடியைச் சரி செய்தாள், முந்தானையைச் செருகிக்கொண்டாள், "உங்க பிரேக்ல கால் வைக்கக் கூடாது, எனக்குப் பிடிக்காது" என்றாள். கடிகாரம் அலறத் தொடங்கியது.

அவள் போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நான் இன்னும் சாவியே போடலையே," என்றாள்.